டீ ஆற்றின் மேல் ஒரு நீர்த்தொட்டி: பொன்ட்கசல்ட்டே கால்வாய்ப் பாலம் குறித்த நிகழ்வு ஆய்வு

வேல்ஸ் நாட்டின் வடகிழக்கில், லங்கோலன் பள்ளத்தாக்கை விட்டு டீ ஆறு சமவெளியை நோக்கி இறங்கத் தொடங்கும் இடத்தில், மரங்கள் அடர்ந்த இரு சரிவுகளுக்கு நடுவே 18 கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலைமேல் 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி அமர்ந்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் படகுகள் போகின்றன. கீழே பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடும் ஆறு; அதற்கு 126 அடி உயரத்தில் சலனமே இல்லாததுபோல் நகரும் இன்னொரு நீரோட்டம். 1795-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1805-இல் திறக்கப்பெற்ற இந்தப் பொன்ட்கசல்ட்டே பாலமே பிரிட்டனின் மிக நீளமான கால்வாய்ப் பாலம்.

இதைக் காணச் செல்பவர்கள் பெரும்பாலும் அதன் உயரத்தையும் பள்ளத்தாக்கின் அழகையும் வியந்து திரும்புகிறார்கள். அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் இந்தப் பாலத்தை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய்கிறவருக்கு அதைவிட ஆழமான இரண்டு கேள்விகள் எழுகின்றன. அத்தனை உயரத்தில் அத்தனை தண்ணீரைத் தாங்கும் கட்டுமானத்தை அன்றைய கல்லையும் இரும்பையும் கொண்டு எப்படி எழுப்ப முடிந்தது என்பது முதற்கேள்வி. எந்தப் பெருவழிக்காக அது கட்டப்பட்டதோ அந்த வழி நிறைவேறாமலே போன பிறகும், அந்தப் பாலம் எப்படிக் கைவிடப்படாமல் 200 ஆண்டுகளைக் கடந்தது என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு விடை சுமையைக் குறைத்ததில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை அந்தத் தொட்டி சுமந்த தண்ணீரிலேயே இருக்கிறது.

மூன்று ஆறுகளை இணைக்கும் கனவு

1790-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கால்வாய்ப் பங்குகளின்மேல் பெரும் மோகம் நிலவியது. ஷ்ரூஸ்பரி நகரில் செவர்ன் ஆற்றையும், செஸ்டரில் டீ ஆற்றையும், வடக்கே மெர்சி ஆற்றின் கழிமுகத்தையும் ஒரே நீர்வழியால் இணைக்கும் எல்ஸ்மியர் கால்வாய்த் திட்டம் அந்த மோகத்தின் நடுவே பிறந்தது. நிறுவனம் கேட்ட தொகையைப் போலப் பல மடங்கைத் தர மக்கள் முன்வந்தார்கள். 1793-இல் பாராளுமன்றச் சட்டம் நிறைவேறியது. ரூவாபன், ரெக்சம் சுற்றுவட்டாரத்து நிலக்கரியும் இரும்பும், சரிவுகளில் வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல்லும் இந்தக் கால்வாயின் உயிர்நாடியாக அமையும் என்பது எதிர்பார்ப்பு. அந்தச் சுரங்கங்களை எட்டவேண்டுமானால் கால்வாய் சமவெளியை விட்டு வேல்ஸின் மலையடிவாரத்துக்கு ஏறியாக வேண்டும். ஏறியபின் அதன் குறுக்கே இரண்டு பள்ளத்தாக்குகள் கிடந்தன. சர்க் கிராமத்தருகே கெய்ரியாக் ஆற்றின் பள்ளத்தாக்கு ஒன்று. அதற்கு வடக்கே, அதைவிட ஆழமும் அகலமும் கொண்ட டீ ஆற்றின் பள்ளத்தாக்கு மற்றொன்று.

முதன்மைப் பொறியாளராக வில்லியம் ஜெசப் அமர்த்தப்பட்டார். அப்போதே கால்வாய்க் கலையில் நாட்டின் முதல்வரிசைப் பெயர் அவருடையது. அவருக்குக் கீழே பொது முகவராகவும் நில அளவையராகவும் பொறியாளராகவும் தாமஸ் டெல்ஃபோர்டு 1793-இல் சேர்ந்தார். ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல் மலைப்பகுதியில் 1757-இல் பிறந்து, கல்தச்சராக வேலை பழகி, ஷ்ராப்ஷர் மாவட்டக் கட்டுமானங்களின் பொறுப்பாளராக உயர்ந்திருந்தவர் அவர். கல்லை நன்கு அறிந்தவர். கால்வாய் அவருக்குப் புதிது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்னால் எழுந்த புகழ்ப் பங்கீட்டுச் சிக்கல் விளங்கும்.

தண்ணீரா, எடையா

கால்வாய் என்பது மட்டம் மாறாத நீர். பள்ளத்தாக்கு குறுக்கிடும்போது பொறியாளர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரிவு நெடுக லாக்குகளைக் கட்டிப் படகுகளைப் படிப்படியாகக் கீழே இறக்கி, உயரம் குறைந்த பாலத்தில் ஆற்றைக் கடந்து, மறுகரையில் மீண்டும் லாக்குகள் வழியே ஏற்றுவது. இரு பக்கக் கதவுகளுக்கு நடுவே நீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் இந்த அமைப்பில், ஒவ்வொரு படகும் இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரு லாக் அளவு தண்ணீர் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் போய்விடும். இங்கே இரு பக்கத்திலிருந்தும் தண்ணீர் பள்ளத்தை நோக்கியே ஒழுகும்; மேலே உள்ள கால்வாய் வறண்டுபோகாமல் காப்பது பெரும்பாடு. படகுக்காரரின் நேரமும் வீணாகும்.

இரண்டாவது வழி, மட்டத்தை விடாமல் முழு உயரத்திலேயே கடப்பது. அன்றைய கால்வாய்ப் பாலங்கள் கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. கல் தண்ணீரைக் கசியவிடும் என்பதால், நீரோட்டப் பாதை முழுவதும் குழைத்து மிதித்துப் பதப்படுத்திய களிமண்ணைத் தடிமனான அடுக்காகப் பூசுவார்கள். அந்தக் களிமண்ணின் எடை பெரிது; ஈரத்தில் அது பக்கச்சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும் விசையும் பெரிது. அதைத் தாங்கச் சுவர்கள் தடிக்க வேண்டும். சுவர்களைத் தாங்க வளைவுகள் பருக்க வேண்டும். வளைவுகளைத் தாங்கத் தூண்கள் பருக்க வேண்டும். 30, 40 அடி உயரத்தில் இந்தச் சங்கிலியை எப்படியோ சமாளிக்கலாம். 126 அடியில் அது செலவையும் அடித்தளத்தையும் விழுங்கிவிடும். ஆயினும் தொடக்கத்தில் விட்சர்ச் ஊரைச் சேர்ந்த வில்லியம் டர்னர் வகுத்த திட்டம் மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம்தான். வேறு எதையும் நம்பிப் பார்க்க அதுவரை முன்மாதிரி இல்லை.

முன்மாதிரி ஒரு வெள்ளத்திலிருந்து வந்தது. 1795 பிப்ரவரியில் செவர்ன் ஆற்றுப் படுகையில் பெருவெள்ளம் வந்து பல கற்பாலங்களை அடித்துச் சென்றது. ஷ்ரூஸ்பரி கால்வாய்க்காக டெர்ன் ஆற்றின்மேல் லாங்டன் என்னுமிடத்தில் ஜொசையா க்ளோஸ் கட்டத் தொடங்கியிருந்த கற்பாலத்தையும் அது சிதைத்தது. க்ளோஸ் காலமாகிவிட, அந்தப் பொறுப்பும் டெல்ஃபோர்டிடம் வந்தது. அவர் அங்கே களிமண்ணைக் கைவிட்டு, வார்ப்பிரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மரையாணிகளால் முடுக்கிய தொட்டி ஒன்றை அமைத்தார். சுமார் 57 மீட்டர் நீளமே கொண்ட, தரையிலிருந்து அதிகம் உயராத அமைப்பு அது. டார்பி நகரில் பெஞ்சமின் அவுட்ரம் என்பவரும் ஏறக்குறைய அதே மாதங்களில் இன்னும் சிறிய ஓர் இரும்புத் தொட்டிப்பாலத்தை முடித்திருந்தார். இரும்பு நீரைக் கசியவிடாது. தானே சுவராகவும் தளமாகவும் நிற்கும். ஓர் அங்குலத் தகடு சில அடிக் களிமண்ணின் வேலையைச் செய்யும்.

1795 ஜூலையில் ஜெசப் நிறுவனக் குழுவுக்கு அளித்த அறிக்கையில் டீ ஆற்றைக் கடக்க இரும்புத் தொட்டியையே பரிந்துரைத்தார். அதே மாதம் 25-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. லாங்டனில் கைக்கெட்டும் உயரத்தில் சோதித்துக்கொண்டிருந்த ஒரு முறையை, அதைப்போல் ஐந்து மடங்கு நீளத்தில், பள்ளத்தாக்கின் உச்சியில் செய்யத் துணிந்த முடிவு அது. நிறுவனத்தின் பங்குதாரர்கள் இதற்கு இசைந்தார்கள் என்பதையே நான் இந்த வரலாற்றின் முதல் வியப்பாகக் கருதுகிறேன்.

யாருக்குரிய பாலம்

பிற்காலத்தில் இந்தப் பாலம் டெல்ஃபோர்டின் பெயரோடு மட்டுமே ஒட்டிக்கொண்டது. அவர் 1834-இல் மறைந்து, 1838-இல் வெளியான தன்வரலாற்றில் ஜெசப்புக்கு மிகக் குறைந்த இடமே கிடைத்தது. ஆனால் பரிந்துரை அறிக்கையில் கையொப்பமிட்டவர் ஜெசப். பழுது நேர்ந்திருந்தால் குழுவின் முன்னால் விடைசொல்ல வேண்டியிருந்தவரும் அவரே. கருத்தை வடிவாக்கியதிலும், பத்தாண்டு காலம் அதை நிலத்தில் எழுப்பியதிலும் டெல்ஃபோர்டின் கை ஓங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. இருவரில் ஒருவரைக் கழித்துவிட்டு மற்றவரை ஏற்றுவது நியாயமாகாது. புதிய பொருளின்மேல் நம்பிக்கை வைத்த இளையவரும், அந்த நம்பிக்கையைத் தன் பெயரால் காத்த மூத்தவரும் சேர்ந்தே இந்த முடிவு உருவானது.

இவர்களோடு நின்றுவிடவும் கூடாது. களத்தில் அன்றாட வேலையைக் கண்காணித்த மேத்யூ டேவிட்சன், கல்வேலை ஒப்பந்தக்காரர் ஜான் சிம்ப்சன், இரும்பு வார்த்த வில்லியம் ஹேசல்டைன், அதைப் பொருத்திய வில்லியம் ஸ்டட்டில் ஆகியோரின் பெயர்கள் இந்தக் கட்டுமானத்தோடு பிரிக்க முடியாதவை. இங்கே கூடிய குழு இத்துடன் கலையவில்லை. டேவிட்சனும் சிம்ப்சனும் ஸ்காட்லாந்தின் கலிடோனியன் கால்வாய்க்குப் போனார்கள். ஹேசல்டைனின் பட்டறை பின்னர் மெனாய் தொங்குபாலத்துக்கு இரும்பு தந்தது.

தூண்கள்

தூண்களுக்கான மணற்கல் பக்கத்திலேயே, செஃபன் மாவர் பகுதிக் கல்குவாரிகளில் கிடைத்தது. ஒவ்வொரு தூணும் அடியில் 20 அடிக்கு 12 அடி. உச்சியில் 13 அடிக்கு 7½ அடி. மேலே போகப்போக மெலிந்துகொண்டே செல்லும் இந்த வடிவத்தால்தான் பள்ளத்தாக்கில் நின்று பார்க்கும்போது கனத்த கல் என்ற எண்ணமே தோன்றாமல், நிமிர்ந்து நிற்கும் மெல்லிய உருவங்களாக அவை கண்ணுக்குப் படுகின்றன.

இந்த நிகழ்வில் என் மனத்தை மிகவும் கவர்வது தூண்களின் உள்ளமைப்பு. அடியிலிருந்து சுமார் 70 அடி வரை அவை திண்மையானவை. அதற்கு மேல் உள்ளே வெற்றிடம். சுற்றிலும் 2 அடித் தடிமன் கொண்ட சுவர்கள், நடுவில் ஒரு குறுக்குச்சுவர், அவ்வளவுதான். அதற்கு முன் உயர்ந்த தூண்களைக் கட்டியவர்கள் வெளியே நல்ல கல்லை அடுக்கி உள்ளே உடைகல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்புவது வழக்கம். அந்த நிரப்பல் காலப்போக்கில் இறங்கி, வெளிச்சுவரைப் பிதுக்கும். டெல்ஃபோர்டு தம் முறைக்குக் கூறிய காரணங்கள் கல்தச்சர் ஒருவருக்கே தோன்றக்கூடியவை. எடை குறைகிறது, புவியீர்ப்பு மையம் தாழ்கிறது, இவற்றோடு, ஒவ்வொரு கல்லின் எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிவதால் ஒளித்து வைக்க இடமில்லை, ஆகையால் வேலை ஒழுங்காக நடக்கிறது. மேற்பார்வையையே கட்டுமானத்தின் வடிவத்துக்குள் புகுத்திய சிந்தனை இது. சுண்ணாம்புச் சாந்தில் எருதின் இரத்தம் கலக்கப்பட்டது என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

வேலைமுறை பற்றிய அச்சம் தொடக்கத்திலேயே இருந்தது. அத்தனை ஆழத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, 6 அடிக்கு 10 அடி இடத்தில் நின்று கல் அடுக்கும் ஆட்களுக்குத் தலைசுற்றும், பயம் பிடிக்கும் என்று ஜெசப் 1795-இல் டெல்ஃபோர்டுக்கு எழுதினார். அதற்கு விடையாக அமைந்த ஏற்பாடு இது: ஒரு தூணை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. எல்லாத் தூண்களும் ஒரே மட்டத்தில் கட்டம் கட்டமாக உயர்ந்தன. தூணுக்குத் தூண் சாரத்தின்மேல் நடைபாதை போடப்பட்டது. ஆட்கள் ஒரு கரையில் தொடங்கித் தூண் தூணாக மறுகரை வரை கட்டிக்கொண்டு போய், அங்கிருந்து அடுத்த அடுக்குக்குத் திரும்புவதற்குள் முதல் தூணின் சாந்து இறுகியிருக்கும். உயரம் சிறிது சிறிதாகக் கூடியதால் ஆட்களின் கண்ணும் காலும் அதற்குப் பழகின. பத்தாண்டு வேலையில் விழுந்து இறந்தவர் ஒருவர் மட்டுமே என்று டெல்ஃபோர்டு பதிவு செய்கிறார். அவ்விழப்புக்கு அந்த ஆளின் கவனக்குறைவே காரணம் என்றும் அவர் எழுதிவிடுகிறார். அக்காலத்து மேலாளர்கள் பலரும் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம்தான், ஆனால் இன்று படிக்கும்போது நெஞ்சில் உறுத்துகிறது.

தெற்குக் கரையில் பள்ளத்தாக்கின் முழு அகலத்துக்கும் தூண்கள் எழுப்பப்படவில்லை. ஃப்ரோன்கசல்ட்டே கிராமத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய மண்மேடு பள்ளத்தாக்குக்குள் நீண்டு வந்து, அதன் முனையில்தான் பாலம் தொடங்குகிறது. அம்மேட்டின் உச்ச உயரம் 97 அடி. சர்க் சுரங்கவழியையும் அடுத்த ஒயிட்ஹவுசஸ் சுரங்கவழியையும் தோண்டியபோது கிடைத்த மண் இங்கே கொட்டப்பட்டது. இன்று மரங்கள் வளர்ந்து இயற்கையான மலைமுகடு போலத் தோன்றுவதால் இதைக் கவனிக்காமலே பலர் கடந்துவிடுகிறார்கள். அந்நாளைய பிரிட்டனின் மிகப் பெரிய மண்வேலைகளுள் இதுவும் ஒன்று. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் குதிரையும் தவிர வேறு கருவி இல்லாமல் எழுந்தது.

தொட்டி

தூண்களுக்கிடையே 19 இடைவெளிகள். ஒவ்வொன்றையும் நான்கு வார்ப்பிரும்பு வளைவு விலாக்கள் தாண்டுகின்றன. வார்ப்பிரும்பு நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். இழுக்கும் விசையில் எளிதில் முறிந்துவிடும். எனவேதான் சுமையை நசுக்கும் விசையாக மாற்றும் வளைவு வடிவம் இங்கே இன்றியமையாததாகிறது. விலாக்களின்மேல் தொட்டியின் அடித்தகடுகள் படிந்துள்ளன. பக்கத் தகடுகள் செவ்வக வடிவில் இல்லை. கற்பாலத்தின் வளைவுக்கற்களைப் போல மேற்புறம் அகன்று கீழ்ப்புறம் குறுகி, ஒன்றையொன்று நெருக்கும்படி அவை வார்க்கப்பட்டுள்ளன. சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் அந்தச் சாய்ந்த இணைப்புக் கோடுகள் தெளிவாகத் தெரியும். இரும்பை வைத்து வேலை செய்தபோதும் கல்தச்சரின் கண் அதில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

தகடுகளின் விளிம்புகள் மரையாணிகளால் முடுக்கப்பட்டன. சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்த வெல்ஷ் கம்பளித் துணியை இணைப்புகளில் வைத்து, ஈயத்தாலும் இரும்புத் துகளாலும் அடைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நீர் நிரப்பி ஆறு மாதம் காத்திருந்து கசிவு இல்லை என்று உறுதி செய்தபின்னரே திறப்புவிழா நடந்தது என்றும் கூறுவர். இரும்பு தொலைவிலிருந்து வரவில்லை. ஹேசல்டைன் பாலத்தின் வடமுனைக்கு அருகே பிளாஸ் கினாஸ்டன் என்னுமிடத்திலேயே வார்ப்புப்பட்டறை அமைத்தார். வார்த்த துண்டுகளை அங்கிருந்தே பாலத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

தொட்டியின் அகலம் ஏறக்குறைய 12 அடி. ஆழம் 5¼ அடி. அதில் சுமார் 15 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கிறது. எடையில் அது 1,500 டன். இடைவெளி ஒன்றுக்கு ஏறக்குறைய 80 டன் என்று கணக்காகிறது. பெரிய சுமைதான். ஆனால் இந்தச் சுமைக்கு ஒரு நற்குணம் உண்டு: அது மாறுவதில்லை. மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடுகிறது. விலகிய நீர் நெடிய கால்வாயில் பரவிவிடுகிறது. ஆகையால் படகில்லாமல் நீர் மட்டும் நிற்கும் தொட்டியானாலும் 20 டன் நிலக்கரிப் படகு போகும் தொட்டியானாலும் தூணின் தலைமேல் நிற்கும் பாரம் ஒன்றே. டீ ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1848-இல் ஹென்றி ராபர்ட்சன் எழுப்பிய செஃபன் ரயில் பாலத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே ஒவ்வொரு ரயில் ஓடும்போதும் சுமை அதிர்ந்து, நகர்ந்து, நீங்குகிறது. இங்கே 1805-இல் ஏற்றிய சுமை அப்படியே நிற்கிறது. வார்ப்பிரும்பு திடீர் அதிர்வுகளைப் பொறுக்காத பொருள். அதன் ரயில் பாலங்கள் சில பிற்காலத்தில் முறிந்து விழுந்திருக்கின்றன. பொன்ட்கசல்ட்டேயின் நீண்ட ஆயுளுக்கு இந்த மாறாச் சுமையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

படகை இழுக்கும் குதிரை நடக்கும் இழுவைப்பாதையின் அமைப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அது தொட்டிக்கு வெளியே ஒட்டிவைக்கப்படவில்லை. தொட்டிக்குள்ளேயே, நீருக்கு மேல், சிறு இரும்புத் தூண்களால் தாங்கப்பட்டுள்ளது. படகுக்குக் கிடைக்கும் இடம் இதனால் குறைகிறது. ஆனால் தண்ணீர் பாதைக்கு அடியிலும் பரவி நிற்கிறது. இறுகிய குழாயில் தண்டு நுழைவதைப்போல 7 அடி அகலப் படகு ஒடுங்கிய தொட்டியில் நுழைந்தால், முன்னால் தள்ளப்படும் நீர் பின்னால் வர வழியில்லாமல் படகைத் தடுக்கும். இங்கே அந்த நீர் பாதைக்கு அடியில் ஒதுங்கிப் பின்னால் போய்ச் சேருகிறது. லாங்டனில் பாதை தொட்டிக்கு வெளியே இருந்தது. அந்தச் சிறு பாலத்தில் கற்றதைத் திருத்திக்கொண்ட இடம் இது.

பாதையின் பக்கம் கைப்பிடி வேலி உண்டு. மறுபக்கம் எதுவுமில்லை. தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே சில அங்குலங்கள் மட்டுமே எழுகிறது. படகில் அமர்ந்து அப்பக்கம் திரும்பிப் பார்ப்பவருக்கு விளிம்பு கண்ணில் படுவதில்லை, 126 அடிக்குக் கீழே ஆற்றுப்பாறைகளும் மரங்களின் தலைகளும்தான் தெரிகின்றன.

திறப்பும், போய்ச்சேராத வழியும்

1805 நவம்பர் 26 அன்று பாலம் திறக்கப்பட்டது. ஆறு படகுகள் ஊர்வலமாகத் தொட்டிக்குள் நுழைந்தபோது ஷ்ராப்ஷர் தொண்டர் படையினர் பீரங்கி முழக்கினார்கள். அந்தப் பித்தளைப் பீரங்கிகள் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானிடமிருந்து கைப்பற்றப்பட்டவை. தொலைதூரத்துக் கோட்டை ஒன்றைக் காத்து நின்றவை வேல்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு கால்வாய்க்காக முழங்கியதை எண்ணாமல் இந்த விழாவைப் படித்துக் கடக்க என்னால் இயலவில்லை. ஊர்வலம் திரும்பும்போது நிலக்கரி ஏற்றிய படகுகள் உடன் வந்தன. பாலத்தின் செலவு சுமார் 47,000 பவுண்டு.

தூணொன்றில் பதித்த கல்வெட்டு செவர்ன், டீ, மெர்சி ஆகிய மூன்று ஆறுகளையும் இணைக்கும் நோக்கத்தை அறிவிக்கிறது. ஆனால் திறந்த அன்றே அந்த நோக்கம் கைநழுவிப் போயிருந்தது. பாலத்தின் வடமுனையில் உள்ள ட்ரெவர் துறையிலிருந்து ரூவாபன் மேடுகளைத் தாண்டிச் செஸ்டருக்குச் செல்லவேண்டிய முதன்மை வழி கைவிடப்பட்டுவிட்டது. பிரான்சுடனான போர்க்காலத்தில் விலையும் வட்டியும் ஏறின. அந்த வழிக்குத் தேவைப்பட்ட லாக்குகளும் அவற்றுக்கு நீர் தரும் தேக்கங்களும் கட்டுப்படியாகவில்லை. தெற்கே செவர்னை நோக்கிய கிளையும் ஷ்ரூஸ்பரியை எட்டாமல் நின்றது. கிழக்கே விட்சர்ச் பக்கமாகச் சுற்றிச்சென்று ஹர்ல்ஸ்டனில் பழைய செஸ்டர் கால்வாயோடு சேர்ந்ததுதான் மிஞ்சிய இணைப்பு. ஆக, நாட்டின் பெருவழி ஒன்றின் நடுவே நிற்க வேண்டிய பாலம், ஒரு கிளையின் கடைசியில் நின்றது. சுரங்கங்களிலிருந்து குதிரைத் தண்டவாளங்கள் ட்ரெவர் துறைக்கு நிலக்கரியைக் கொண்டுவந்தன. படகுகள் அதை ஏற்றித் தெற்கே போயின.

தண்ணீரைத் தேடி

வடக்கு வழி நின்றபோது வேறொரு சிக்கலும் முளைத்தது. அந்த வழியின் உச்சியில் அமையவிருந்த தேக்கத்திலிருந்துதான் இந்தப் பகுதிக்கும் நீர் வருவதாகத் திட்டம். அது இல்லையென்றால் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? விடை டீ ஆற்றிலேயே இருந்தது. பாலத்தின் மட்டத்துக்கு ஆறே உயரமாக ஓடும் இடம் வரை மேலேறிப் போய், லங்கோலனையும் கடந்து லான்டசிலியோ என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். 460 அடி நீளத்துக்கு வில்போல் வளைந்து ஆற்றின் அகலம் முழுவதும் மெல்லிய திரையாக நீரை வழியவிடும் அந்த அணை, வடிவத்தால் குதிரைலாட அருவி என்று பெயர்பெற்று, 1808-இல் முடிந்தது. அங்கிருந்து மலைச்சரிவைக் கட்டிக்கொண்டு ஒடுங்கிய ஊட்டுக் கால்வாய் ஒன்று ட்ரெவர் வரை வந்தது. கோடையிலும் ஆற்றில் நீர் குறையாதிருக்க, இன்னும் மேலே உள்ள பாலா ஏரியின் வாயில் மதகும் அமைக்கப்பட்டது.

இதை ஒரு துணைவேலை என்றே அன்று எண்ணியிருப்பார்கள். ஆனால் இந்தப் பாலத்தின் விதி இங்கேதான் தீர்மானிக்கப்பட்டது. அதுவரை தேங்கிய நீரைச் சுமக்க வேண்டியிருந்த தொட்டி, இனி ஓடும் நீரின் வழியாயிற்று. கிழக்கே உள்ள முழுக் கால்வாய்க்கும் இதுவே நீர்க்குழாய். இன்றும் லங்கோலனை நோக்கிச் செல்லும் படகுகள் தொட்டிக்குள் எதிரோட்டத்தை உணர்ந்தே மெல்லப் போகின்றன.

ரயில் வந்தபின் சரக்குப் படகுகள் குறைந்துகொண்டே வந்தன. கால்வாய் ரயில் நிறுவனங்களின் கைக்குப் போயிற்று. 1944-இல் லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே நிறுவனம் பாராளுமன்றச் சட்டத்தின்மூலம் இக்கால்வாயில் படகுப் போக்குவரத்தைக் காக்கும் கடமையிலிருந்து விடுபட்டது. அப்படி விடுபட்ட வேறு பல கால்வாய்கள் தூர்ந்தன, சில வீட்டுமனைகளாயின. அடுத்த ஆண்டே பெரிய விபத்தும் நேர்ந்தது. 1945 செப்டம்பர் 7 அன்று விடியற்காலையில் லங்கோலனுக்கும் ட்ரெவருக்கும் இடையே கால்வாய்க் கரை உடைந்து, கீழே இருந்த ரயில் பாதையின் மண்ணை அரித்துச் சென்றது. அந்தப் பள்ளத்தில் ஒரு ரயில் விழுந்து அதன் ஓட்டுநர் உயிரிழந்தார். வருமானம் தராத, சட்டத்தாலும் கைவிடப்பட்ட ஒரு கால்வாயை அத்தோடு மூடிவிடுவதே எளிதாக இருந்திருக்கும். ஆனால் உடைப்பு அடைக்கப்பட்டது. தண்ணீர் திரும்ப விடப்பட்டது. அந்த நீரை நம்பித் தொழிற்சாலைகளும் கீழேயுள்ள கால்வாய்களும் இருந்தன. 1950-களின் நடுவில் செஷையர் பகுதியின் குடிநீர் வாரியம் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு இக்கால்வாய் வழியே நீர் பெற உடன்பாடு செய்துகொண்டபின், பாலத்தைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஒரு காரணம் உறுதியாயிற்று. நாளொன்றுக்கு 5 கோடி லிட்டருக்கும் மேல் நீர் டீ ஆற்றிலிருந்து இவ்வழியே போக முடியும்.

பொறியியலின் சிறப்பே இப்பாலத்தைக் காத்தது என்று சொல்லப்படுவதை நான் முழுமையாக ஏற்பதில்லை. சிறந்த கட்டுமானங்கள் பயனற்றுப்போய் இடிக்கப்பட்டதுண்டு. சிறந்த கட்டுமானமாக இருந்ததால் இது குறைந்த செலவில் நின்றது. நீரைக் கொண்டுசென்றதால் அந்தச் செலவைச் செய்ய ஆள் இருந்தது. இரண்டும் வேண்டியிருந்தன.

இன்றைய நிலை

தண்ணீர் காத்த வழியில் பின்னர் உல்லாசப் படகுகள் வந்தன. லங்கோலன் கால்வாய் என்று இப்போது அழைக்கப்படும் இந்த வழி, பிரிட்டனில் படகுவிடுமுறைக்கு மிகுதியும் நாடப்படும் நீர்வழிகளுள் ஒன்று. 2009-இல் யுனெஸ்கோ, பாலத்தை மட்டுமன்றி, குதிரைலாட அருவியிலிருந்து, கெய்ரியாக் ஆற்றைக் கடக்கும் சர்க் கால்வாய்ப் பாலத்தையும் தாண்டி க்ளெட்ரிட் வரையுள்ள 18 கிலோமீட்டர் நீர்வழி முழுவதையும் உலக மரபுரிமைத் தளமாக அறிவித்தது. இந்த 18 கிலோமீட்டரில் ஒரு லாக்கும் இல்லை. இரண்டு பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் குறுக்கிடும் நிலத்தில் நீர்மட்டம் மாறாமல் வருவதுதான் முழு அமைப்பின் சாதனை என்பதால், பாலத்தைத் தனியே பிரித்துப் போற்றாமல் வழி முழுவதையும் சேர்த்தது மிகச் சரியான முடிவு.

1801-இல் திறந்த சர்க் பாலத்தையும் பார்த்துவிட்டு இங்கே வருவது நல்லது. அங்கே நீர்ப்பாதையின் தளத்துக்கு மட்டும் இரும்புத் தகடு, பக்கங்கள் கற்சுவர்கள். 1869-ஐ ஒட்டி அதன் பக்கங்களுக்கும் இரும்பு போடவேண்டி வந்தது. அரைவழி போன வடிவத்துக்குப் பிற்காலத்தில் திருத்தம் தேவைப்பட்டது. முழுவழி போன பொன்ட்கசல்ட்டேயில் முதலில் வார்த்த தொட்டியே நிற்கிறது.

2012 முதல் கால்வாய் ஆற்று அறக்கட்டளை இதைப் பேணிவருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாலத்தின் இரு முனைகளிலும் பலகைகளை இறக்கி நீரை மறித்துவிட்டு, தொட்டியின் அடித்தகட்டில் உள்ள அடைப்பைச் சங்கிலியால் இழுத்துத் திறக்கிறார்கள். 15 லட்சம் லிட்டரும் ஒரே கற்றையாகக் காற்றில் இறங்கி, வரும் வழியில் விரிந்து வெண்புகையாகி, எடுத்த ஆற்றிலேயே போய் விழுகிறது. தொட்டி காலியானதும் ஆட்கள் உள்ளே இறங்கி, 1805-இல் முடுக்கிய இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கசியும் இடங்களை அடைக்கிறார்கள். பின்னர் பலகைகள் எடுக்கப்படுகின்றன. லான்டசிலியோவிலிருந்து வரும் நீர் மீண்டும் உள்ளே புகுகிறது.